பிரின்சிபாலின் கையெழுத்தில் ஒரு பெயர்

1

மூன்றரை வருடமாக இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதவில்லை. சோம்பல் காரணமல்ல. கப்பல் நின்றது, தபால் நின்றது. எழுதியிருந்தாலும் உங்களுக்கு முன்னால் வேறு யாராவது படித்திருப்பார்கள். இப்போது மறுபடியும் தபால் போகிறது என்கிறார்கள். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார வைத்தது ஒரு தாள். சனிக்கிழமை காலை, கடலுக்கு இக்கரையில், பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிப்பாய் சைக்கிளை நிறுத்திப் பெயரைக் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனான். ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. யார் யார் ஜப்பான்காரனுக்கு ஒத்தாசையாக இருந்தார்கள் என்று புது நிர்வாகம் விசாரித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த தாளில் ஐந்து கேள்விகள். ஐந்தும் எங்கள் கல்லூரிப் பிரின்சிபால் தேவசகாயத்தைப் பற்றியவை. நான் அங்கே ரிஜிஸ்ட்ராராக இருந்தவன், அதாவது மாணவர் பதிவேட்டை வைத்துக்கொண்டிருந்தவன். அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள்.

நான்காவது கேள்வி இது: "மேற்படியார் ஆட்களின் பெயர்களை ஜப்பானியத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொடுத்தாரா?"

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் பதிலோடு நேரில் போக வேண்டும். நான் எழுதுவதைப் பொறுத்து அவருக்குக் கல்லூரி திரும்பக் கிடைக்கும், அல்லது ஜெயில் கிடைக்கும். தாளைப் படித்துக் காட்டியபோது என் மனைவி கோமதி மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதப் போறீங்க?"

"நடந்ததை."

"என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விட்டேன்.

2

தேவசகாயம் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில வாத்தியாராக வந்து சேர்ந்தவர், ஆறே வருடத்தில் பிரின்சிபால் ஆனார். அவரை யாரும் ஆக்கவில்லை. தானே ஒரு கல்லூரியை ஆரம்பித்துத் தானே பிரின்சிபால் ஆகிக்கொண்டார். செட்டியார்கள், துணிக்கடை மரைக்காயர்கள், ரயில்வே உத்தியோகஸ்தர்கள் என்று ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சுக்கூடத்துக்கு மேல்மாடியில் மூன்று அறைகள் கிடைத்தன. அதுதான் கல்லூரி.

அங்கே தர்க்கம், சரித்திரம், இலக்கியம், லத்தீன் மட்டும்தான் நடக்கும். சுருக்கெழுத்துக் கிடையாது, தட்டச்சுக் கிடையாது. உத்தியோகத்துக்கு உதவுகிற எதுவும் கிடையாது என்றே சொல்லலாம். "வேலைக்குப் போறவனுக்கு ரயில்வே பட்டறை இருக்கு. யோசிக்கப் பழகணும்னு நினைக்கிறவன் இங்க வரட்டும்" என்பார். ரயில்வே குவார்ட்டர்ஸில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்பவும் செய்தார்கள், ஏனென்றால் அவர் கொடுத்த சான்றிதழ் பார்க்கப் பெரிதாக இருந்தது.

பதவி என்றால் அவருக்கு உயிர். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் 'பிரின்சிபால்' என்று போடாவிட்டால் அந்தக் கல்யாணத்துக்குப் போக மாட்டார். போனால் முதல் வரிசையில்தான் உட்காருவார். இந்த ஊர் வெயிலில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பாசார்க் கடைத்தெரு வழியாக நடந்து வருவார். வியர்வை முழங்கையில் சொட்டும், ஆனால் கழற்ற மாட்டார். இந்த மனிதர் அந்த நாற்காலிக்காக எதையும் செய்வார் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே நான் முடிவு கட்டிவிட்டேன். நான் யாரைப் பற்றியும் சீக்கிரம் முடிவு கட்டுகிறவன். கோமதியைக் கேட்டால் சொல்லுவாள்.

இங்கே வருவதற்கு முன் திருச்சியில் ஒரு கல்லூரியின் ஆவண அறையில் எட்டு வருடம் இருந்தேன். பதிவேட்டை ஒரு கைதான் தொட வேண்டும், அது அந்த அறையின் சட்டம். எழுதியதைச் சுரண்டக் கூடாது. தவறு என்றால் சிவப்பு மையில் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. கடல் தாண்டி வரும்போது நான் கொண்டுவந்த சொத்து அந்தச் சட்டம்தான். சேர்ந்த அன்றே பிரின்சிபாலிடம் சொன்னேன், "சார், இந்த ரிஜிஸ்டரை நீங்ககூட தொடக் கூடாது." அவருக்கு அது பிடித்துப்போயிற்று. எட்டு வருடம் அவர் அதைத் தொடவில்லை.

3

ஜப்பான்காரன் வந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தை மாற்றினான். டோக்கியோ நேரம். கடிகாரம் காலை ஏழு காட்டும்போது வெளியே கும்மிருட்டாக இருக்கும். கல்லூரிகளை மூடச் சொல்லிவிட்டார்கள். பிரின்சிபால் மட்டும் தினமும் வந்து, பூட்டிய அறைக்கு வெளியே மாடிப்படியில் அங்கியோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

1942 கடைசியில் ஒருநாள் ஜப்பான் அலுவலகத்துக்குப் போனார், அங்கியைப் போட்டுக்கொண்டுதான். அனுமதியோடு திரும்பி வந்தார். காலையில் இரண்டு மணி நேரம் ஜப்பான் மொழி. பிறகு 'பொது அறிவு'. அந்தப் பொது அறிவுக்குள் பழைய தர்க்கத்தையும் சரித்திரத்தையும் நுழைத்துவிட்டார். ஆனால் தினமும் வகுப்புத் தொடங்கும் முன் எல்லாரும் கிழக்கே பார்த்து ஜப்பான் சக்கரவர்த்திக்குக் குனிய வேண்டும். எல்லாரையும்விட அதிகமாகக் குனிந்தவர் அவர்தான். நான் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாரும் நிமிர்ந்த பிறகும் அவர் முதுகு மட்டும் எழாது.

என் வீட்டிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. என் மகள் ராஜத்துக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாட்டு, ஜப்பான் உடற்பயிற்சி. தேவாரம் நாலு வரி சொல்லத் திணறுகிற பெண், அவர்கள் பாட்டை முழுசாகப் பாடுவாள். என் ஜப்பான் மொழியைக் கேட்டுச் சிரிப்பாள். "அப்பா, முதுகு வளையக் கூடாது. இடுப்புலேர்ந்து குனியணும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஒருநாள் தன் வாத்தியாரிடம் போய், "எங்க அப்பா வீட்ல உங்க துரைங்களைக் குள்ளன்னு சொல்றாரு" என்று சொல்லிவிட்டாள். அந்த வாத்தியார் நம் ஆள். சிரித்து மழுப்பிவிட்டார். ஆனால் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் யாரும் நின்று பேசுவதில்லை. நானும் கோமதியும்கூட ராஜம் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டோம். பெற்ற பெண்ணைப் பார்த்து வாயை மூடுவதைப் போன்ற கேவலம் வேறு இல்லை. அவமானமாக இருந்தது. ஆனாலும் மூடிக்கொண்டேன்.

4

1943 நடுவில் சயாம் பேச்சு எழுந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்றார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவை மூடி லோரியில் ஏற்றுகிறார்களாம். டவுனில்தான் ஆபத்து என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் தம்பி சுந்தரத்துக்கு இருபத்திரண்டு வயது. லால்குடியிலிருந்து அவனை 1940இல் நான்தான் வரவழைத்தேன். அனுப்ப அம்மாவுக்கு மனசே இல்லை. அவன் வேலை பார்த்த துணிக்கடை மூடிப்போய், எங்கள் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டு சும்மா இருந்தான்.

தெருமுனையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த மரைக்காயர் ஒருநாள் என்னை அருகில் கூப்பிட்டார். குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள்.

"கிராணியாரே, உங்க பிரின்சிபால் லேபர் ஆபீஸ் துரையோட மோட்டார்லதான் போறார், வர்றார். நாலு தடவை பார்த்துட்டேன். சும்மாவா ஏத்திக்கிட்டுப் போறான்?"

எனக்கு அது போதுமாக இருந்தது. ஏனென்றால் மாதாமாதம் மாணவர் பெயர்களை ஒரு அச்சடித்த படிவத்தில் பிரதி எடுத்து லேபர் ஆபீஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் நான்தான். படிவத்தின் தலைப்பு ஜப்பான் எழுத்தில் இருக்கும். ராஜத்திடம் காட்டினேன். "இது பெரியவங்க எழுத்து, எங்களுக்கு இன்னும் வரல" என்றாள். வேறு யாரிடமும் கேட்கப் பயம். பிரின்சிபாலிடம் கேட்க மனமில்லை.

இரண்டு நாள் விடுமுறை முடிந்த ஒரு திங்கட்கிழமை, பதிவேட்டைத் திறந்தேன். கடைசியில் பதினொரு புதிய பெயர்கள். என் கையெழுத்து இல்லை. பிரின்சிபாலின் சாய்ந்த கையெழுத்து. ஏழாவது பெயர்: சுந்தரம், லால்குடி.

என் தம்பி அந்த மாடிப்படியில் கால் வைத்தது கிடையாது. எட்டு வருடம் தொடாத புத்தகத்தை இவர் ஏன் தொட்டார்? லேபர் ஆபீஸுக்கு ஆள் தேவை. தன் சொந்த மாணவர்களைக் கொடுத்தால் கல்லூரி காலியாகிவிடும். அதனால் ஊரில் சும்மா இருக்கிறவர்களின் பெயரை எழுதிக் கொடுக்கிறார். அதில் என் தம்பியும் ஒருவன். எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது போல இருந்தது.

அவரிடம் கேட்டிருக்கலாம். இரண்டு அறை தள்ளித்தான் இருந்தார். கேட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். சிவப்பு மையைத் தொட்டு, சுந்தரத்தின் பெயர் மேல் ஒரே கோடு போட்டேன். சுருக்கொப்பம், தேதி. பிறகு மாதப் பிரதியை எடுத்தேன். மற்றப் பத்துப் பெயர்களையும் அழகாக, பிழையில்லாமல் எழுதி அனுப்பினேன்.

இதை நீங்கள் இன்னொரு தடவை படிக்க வேண்டும். அது ஆளைக் கொல்கிற பட்டியல் என்று நான் உறுதியாக நம்பினேன். நம்பிக்கொண்டே என் வீட்டுப் பிள்ளையை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பத்துப் பேரின் வீட்டிலும் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு. ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே சுந்தரத்தைக் கிளப்பினேன்.

"கிள்ளானுக்குப் போ. தோட்டத்துல நம்ம சித்தப்பா மகன் இருக்கான். அங்க ஆயிரம் பேர்ல நீ ஒருத்தன், யாரும் தேட மாட்டாங்க."

"எதுக்குண்ணே நான் ஓடணும்? நான் என்ன திருடிட்டேனா?"

"சொன்னதைக் கேளு லா. ரெண்டு மாசம்."

"சரி, போறேன். அங்கயாவது கிழங்கு இல்லாம சோறு கிடைக்குதான்னு பார்க்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் பதிவேட்டில் இன்னொரு பெயர் சேர்ந்திருந்தது. கீழே அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவனுடையது. அதுவும் பிரின்சிபாலின் கையெழுத்து. ஒரு ஆள் குறைந்தால் ஒரு ஆள் போடுகிறார், நாம் நினைத்தது சரிதான் என்று எண்ணிக்கொண்டேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. எதிரெதிரே வந்தால் வணக்கம் சொல்லிக்கொண்டோம்.

ஒன்பதாம் நாள் கிள்ளான் தோட்டத்துக்கு லோரிகள் வந்தன. தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளில் வரிசையாக வயசுப் பிள்ளைகளை வெளியே கூப்பிட்டு ஏற்றினார்கள். டவுனைவிடத் தோட்டங்களில்தான் அள்ளிக்கொண்டு போனார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. "மூணு மாசத்துல அனுப்பிடுவாங்களாம்" என்று சித்தப்பா மகன் வந்து சொன்னான். சைக்கிளைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தான்.

இந்த வருடம் சண்டை முடிந்த பிறகு, அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர் சயாமிலிருந்து காலில் ஆறாத புண்ணோடு திரும்பினார். மழைக்காலத்தில் சுந்தரத்துக்குக் காலரா வந்ததாம். "ரொம்பக் கஷ்டப்படல அண்ணே. ரெண்டே நாள்" என்றார். இப்படித்தான் எல்லாரிடமும் சொல்வார்கள். நான் நம்பவில்லை.

5

புதன்கிழமை. பதில் எழுதுவதற்கு முன் பதிவேட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கல்லூரிக்குப் போனேன். விசாரணை முடியும் வரை கல்லூரியை மூடி வைத்திருந்தாலும் பிரின்சிபால் தன் நாற்காலியில் இருந்தார். துணிப் பஞ்சத்தில் அங்கியை வெட்டிச் சட்டையாகத் தைத்துப் போட்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார்.

"உனக்கும் தாள் வந்திருக்குமே" என்றார்.

"வந்திருக்கு சார்."

"ரிஜிஸ்டர் அலமாரியில இருக்கு. பார்த்துக்க."

எடுத்துப் பார்த்தேன். அந்தப் பத்துப் பேரும், அச்சுக்கூடத்துக்காரனும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவரையும் யாரும் பிடிக்கவில்லை. இது எனக்கு 1944லேயே தெரிந்துவிட்டது. அப்போதும் நான் விடவில்லை. ஜப்பான்காரன் அடுத்த தடவைக்கு வைத்திருக்கிறான், வேறு ஏதோ பேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு விதமாக நினைத்தால் என்னால் தாங்க முடியாது என்பதுதான் நிஜம்.

"அந்தப் படிவத்துத் தலைப்பு என்ன சார்?"

"'படிப்பில் இருப்பவர்கள், வேலைக்கு எடுக்கக் கூடாது.' அந்த லேபர் ஆபீஸ் துரை அவன் ஊர்ல சரித்திர வாத்தியார். மோட்டார்ல கூட்டிக்கிட்டுப் போய் ரோம் சரித்திரம் பேசச் சொல்லுவான். பேசிப் பேசி வாங்கினேன்."

"எங்க தம்பியைக் காப்பாத்தத்தான் எழுதினீங்களா?"

"பொய் சொல்ல மாட்டேன். முப்பது பேர் இல்லேன்னா மூடிடுவேன்னு சொன்னான். பத்தொன்பது பேர்தான் இருந்தாங்க. எனக்குக் கல்லூரி வேணும். எழுதற பேரை ஆபத்துல இருக்கிறவங்க பேரா எழுதுவோம்னு தோணிச்சு. உன் தம்பி கண் முன்னால சும்மா சுத்திக்கிட்டிருந்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் வீட்ல பேசினது பள்ளிக்கூடத்துக்குப் போகும்னு ஊருக்கே தெரியும். பதினொரு உசுரை உன் பொண்ணு வாயில வைக்கச் சொல்றியா?"

இன்னும் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

"சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். ஒன்பது நாள் இருந்துச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோபம். எட்டு வருஷம் கூட இருந்தவன் என் கையெழுத்து மேல கோடு போட்டுட்டானேன்னு கோபம். நீ என்னை என்னன்னு நினைச்சேன்னு புரிஞ்சுது. நீயா வந்து கேக்கட்டும்னு உட்கார்ந்திருந்தேன். பிரின்சிபால் போய் ரிஜிஸ்ட்ராரைக் கெஞ்சறதான்னு இருந்துச்சு. முப்பது குறையக் கூடாதுன்னு அந்த இடத்துல இன்னொருத்தனை எழுதிட்டேன். நீ உன் தம்பியைத் தோட்டத்துக்கு அனுப்பினது எனக்குத் தெரியாது." பிறகு மெதுவாகக் கேட்டார். "இதையும் எழுதுவியா?"

எழுதினால் அவர் கதை முடிந்தது. ஒரு இளைஞன் ஆபத்தில் இருக்கிறான் என்று தெரிந்தும் வீம்புக்காக வாயை மூடிக்கொண்டு, அவன் இடத்தை இன்னொருவனுக்குக் கொடுத்தவர். அப்படி எழுத எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் நான் வெறும் அண்ணனாக, தம்பியைப் பறிகொடுத்தவனாக இருந்துவிடலாம்.

"தெரியல சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போய்விட்டேன். விசாரணை அதிகாரி சின்ன வயசு வெள்ளைக்காரர், கழுத்தெல்லாம் வேர்க்குரு. என் தாளைப் படித்தார். நான்காவது கேள்விக்கு நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பெயர்களைக் கொடுத்தார். எடுக்கக் கூடாதவர்களின் பட்டியலாகக் கொடுத்தார். அதில் இருந்த ஒருவரையும் யாரும் கொண்டுபோகவில்லை. ஒரு பெயர் அடிக்கப்பட்டது. அடித்தது நான். அவன் என் தம்பி. அவன் திரும்பவில்லை."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நீ அடித்தது பிரின்சிபாலுக்குத் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தெரியும். அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை."

"ஏன்?"

"இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம், ஐயா. கொஞ்சம் கௌரவமும்."

அதை எழுதிக்கொள்ள அவர் தாளில் இடம் இல்லை போலிருக்கிறது. எதுவும் எழுதாமல் முத்திரை குத்தினார். போகலாம் என்று கை காட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை கல்லூரியைத் திறக்க அனுமதி வந்துவிட்டது. பிரின்சிபால் அச்சுக்கூடத்துக்காரனிடம் சொல்லி அனுப்பினார், பழைய வேலை எனக்காகக் காத்திருக்கிறதாம். என் தம்பியின் இடத்துக்கு வந்ததால் உயிர் பிழைத்தவன் வாசலில் நின்று அதை என்னிடம் சொன்னான். நல்ல பையன். தனக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று அவனுக்குத் தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை இங்கே முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். நேற்று லால்குடியிலிருந்து ஒரு கார்டு வந்தது. அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாலே வரி. எல்லாரும் சௌக்கியமா, குழந்தை வளர்ந்துவிட்டாளா, சண்டை முடிந்துவிட்டதாமே. கடைசி வரி: "சுந்தரம் ஏன் தனியாக எழுதவில்லை, இங்கிருந்து அனுப்பியதில் அவனுக்கு என் மேல் கோபமா?"

முகம் தெரியாத உங்களுக்கு இத்தனை பக்கம் எழுத முடிந்த எனக்கு, அவளுக்கு ஒரு வரி எழுத வரவில்லை. லால்குடியில் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் உண்டு. என் கடிதம் அவளிடம் போய்ச் சேரும் வரை, தயவுசெய்து யாரும் இதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.